முகத்தைக் காட்ட மாட்டோம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்த ஊரில் ஆறு வயதிலிருந்து முப்பது வயது வரை யாரைக் கேட்டாலும் ‘சிரிக்காதே மாமா’ என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுப்பவர். அந்தப் படம் எப்படி இருக்க வேண்டும் என்று கல்வி அலுவலகம் பதினொரு விதிகள் போட்டு வருடாவருடம் சுற்றறிக்கை அனுப்பும். இரண்டு காதும் தெரிய வேண்டும். பல் தெரியக் கூடாது. தலை சாயக் கூடாது. கண் நேரே பார்க்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், குழந்தை குழந்தை மாதிரி இருந்துவிடக் கூடாது.

ஒரே நாளில் எண்ணூறு பிள்ளைகள். “உட்காரு, நிமிரு, சிரிக்காதே.” டப். அடுத்தது. பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. வகுப்பும் வரிசை எண்ணும்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தடவை அமுக்குவார். முதலாவது அட்டைக்கு. இரண்டாவது பெரும்பாலும் பிள்ளை விட்டால் போதும் என்று எழுந்திருக்கும்போது விழும். தலை கோணல், வாய் கோணல், சில சமயம் வெறும் ஸ்டூல். அதெல்லாம் கம்ப்யூட்டரில் ‘குப்பை’ என்று பெயர் போட்ட இடத்துக்குப் போய்விடும். அதை அவர் ஒரு நாளும் அழித்ததில்லை.

“வீட்டுக் குப்பையும் கொட்ட மாட்டீங்க, கம்ப்யூட்டர் குப்பையும் கொட்ட மாட்டீங்க. உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு முனிசிபாலிட்டியைக் கட்டியிருக்கலாம்” என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார்.

ஒரு திங்கட்கிழமை மதியம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னொரு ஆறாம் வகுப்புப் பையனைச் செங்கல்லால் அடித்துக் கொன்றுவிட்டான். இருவருக்கும் பதினொரு வயது. ஒரே பெஞ்சு. ஏன் அடித்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. “எனக்கும் தெரியல” என்று அடித்தவனே காவல் நிலையத்தில் சொன்னானாம். பிறகு, தன் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டானா என்று கேட்டானாம்.

நடந்தது இவ்வளவுதான். இவ்வளவை வைத்துக்கொண்டு இருபத்து நாலு மணி நேரம் செய்தி ஓட்ட முடியாது. ஆகவே அன்று சாயங்காலமே செய்தித் தொலைக்காட்சியின் நிருபர் பெண் ஒருத்தி அவருடைய ஸ்டூடியோவுக்கு வந்து நின்றாள்.

“சார், ஆறாம் வகுப்பு, பதினேழும் பதினெட்டும். ரெண்டு படமும் வேணும். பதினேழு அடிச்சவன். பதினெட்டு செத்தவன்.”

“சின்னப் பையன்மா. அவன் முகத்தை டிவியில காட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கில்ல?”

“முகத்தைக் காட்ட மாட்டோம் சார்” என்றாள் அவள், புண்பட்டவளைப் போல. “எங்களுக்குன்னு ஒரு தர்மம் இருக்கு.”

அவர் எண்களைப் பார்த்தார், கோப்புகளை எடுத்தார், கொடுத்தார். முப்பது வருடமாக, படம் கேட்டவர்களுக்குப் படம் கொடுத்துப் பழகிய கை. மூளையைக் கலந்து ஆலோசிக்கும் வழக்கம் அதற்கு இல்லை.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். முகத்தைக் காட்டவில்லை. கண்களை மட்டும் காட்டினார்கள்.

நிகழ்ச்சி அரங்கின் சுவரகலத் திரையில் இரண்டே இரண்டு கண்கள். பக்கத்தில், இறந்த பையனின் படம், முழு முகத்தோடு. இறந்த பிள்ளையைக் காட்டுவதற்குத் தடை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இறந்தவர்கள் வழக்குப் போடுவதுமில்லை. அந்தப் படத்தில் பையன் உதட்டை மூடிக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் யாரோ வயலின் வாசித்தார்கள்.

மனநல நிபுணர் ஒருவர் கையில் குச்சியோடு எழுந்து வந்தார்.

“இந்தக் கண்ணைப் பாருங்க. ஏதாவது உணர்ச்சி தெரியுதா? தெரியல. ஒரு பதினோரு வயசுக் குழந்தை கேமரா முன்னாடி எப்படி இருக்கும்? வெட்கப்படும். சிரிக்கும். இது சிரிக்கல. நேரா நம்மளையே பார்க்குது. இந்தப் பார்வையை அன்னிக்கே யாராவது கவனிச்சிருந்தா ஒரு உயிர் போயிருக்காது.”

சோற்றுத் தட்டை மடியில் வைத்திருந்த சிரிக்காதே மாமாவின் கை பாதி வழியில் நின்றது.

“ஏங்க,” என்றாள் மனைவி, “நேரா பார்க்கச் சொன்னது நீங்கதானே?”

“சுற்றறிக்கை.”

“சிரிக்காதேன்னு சொன்னதும்?”

“ஆறாவது விதி.”

“அப்ப அந்தாளு குச்சியை வச்சுக் காட்டுறது உங்க சுற்றறிக்கையைத்தானா?”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

புதன்கிழமை காது. சட்டம் முகத்தைத்தான் காட்டக் கூடாது என்கிறது, காதைப் பற்றி மூச்சு விடவில்லை என்று அறிவிப்பாளர் முதலிலேயே தெளிவுபடுத்திவிட்டார். கையோடு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரையும் அழைத்து வந்திருந்தார்கள். இப்படி மடல் ஒட்டிய காதுள்ள பிள்ளைகள் பெரியவர்கள் பேச்சைக் கேட்பது குறைவு என்று அவர் அபிப்பிராயப்பட்டார். அவரைப் பார்த்தால் மதியம் வரை தொண்டைக்குள் விளக்கடித்துக்கொண்டிருந்து, நேரே காரில் ஏற்றப்பட்டவர் மாதிரி இருந்தது. வியாழக்கிழமை வாய் என்றும், வெள்ளிக்கிழமை தாடை என்றும், தவறாமல் பாருங்கள் என்றும் கீழே எழுத்து ஓடியது. கத்தரிக்கோலும் பசையும் வைத்திருக்கும் எவரும் சனிக்கிழமைக்குள் முழு முகத்தையும் ஒட்டிவிடலாம். ஆனால் அது பார்ப்பவர் பொறுப்பு.

இடையே பள்ளிக்கூட வாசலைக் காட்டினார்கள். சிரிக்கும் பையனின் படம் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தது. கீழே பூக்கள், மெழுகுவர்த்திகள், ஒரு பொம்மைக் கரடி. முக்காடு போட்ட பெண் ஒருத்தி வந்து, படத்தின் கன்னத்தைத் தொட்டு, அழுதுகொண்டே போனாள். ‘யாரோ பெற்ற பிள்ளைக்கு அழும் தாய்: இன்னும் சாகவில்லை மனிதம்’ என்று எழுத்து ஓடியது. அதை நாலு தடவை காட்டினார்கள்.

வியாழக்கிழமை காலை ஸ்டூடியோவைத் திறந்தபோது வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இறந்த பையனின் அம்மா. காவல் நிலையத்து வாசலில் நின்ற அவளை ஊரே தொலைக்காட்சியில் பார்த்திருந்தது.

“உள்ள வாம்மா” என்றார் அவர். படம் எடுக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அவள் உட்கார்ந்தாள். பழக்கதோஷமோ என்னவோ, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அண்ணா, அது என் பையன் கண்ணு.”

“எதும்மா?”

“டிவியில காட்டுறாங்களே, கொலைகாரக் கண்ணுன்னு. அது என் பையன் கண்ணு. முதல் நாள் பார்த்தப்ப, எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். நேத்துக் காதைக் காட்டினாங்க. அந்த மடல்ல ஒரு சின்ன வெட்டு இருக்கு. நாலு வயசுல ஜன்னல்ல இடிச்சுக்கிட்டான். நான்தான் மஞ்சள் வச்சுக் கட்டினேன். எனக்குத் தெரியாதா?”

“அப்ப அந்தச் சிரிக்கிற பையன்…”

“அது மத்தவன். பதினேழு.” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “அன்னிக்கு அவன் படம் எடுக்கப் பயந்தானாம். நீ முதல்ல போன்னு இவனைத் தள்ளிவிட்டானாம். அட்டை வந்தப்ப ரெண்டு பேருக்கும் படம் மாறியிருந்துச்சு. அம்மா, நான் அவனாயிட்டேன், அவன் நானாயிட்டான்னு வந்து காட்டிக் காட்டிச் சிரிச்சான். உங்ககிட்ட வந்து மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அடுத்த வருசம் புதுசு குடுப்பாங்களேன்னு விட்டுட்டேன்.”

ஏழு மாதம் இரண்டு பையன்களும் அடுத்தவன் முகத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். வாசலில் தினமும் சோதனை உண்டு. அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அட்டையில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது சோதனையில் சேர்த்தி இல்லை.

அவருக்கு இப்போது நினைவு வந்தது. எண்ணூறு பேரில் ஒருவன் தலையை நிமிர்த்தவே மாட்டேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நடுங்கியது. வரிசை நீண்டுகொண்டே போனது. அவர் லென்ஸ் மூடியை எடுத்துத் தன் மூக்கில் வைத்துக்கொண்டு, யானை மாதிரி தலையை ஆட்டினார். பையன் நிமிர்ந்தான், சிரித்தான். டப். அந்த வருடம் விதியை மீறி எடுத்த ஒரே படம்.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ணா” என்றாள் அவள். “என் பையன் கண்ணை அங்கேயிருந்து எடுத்துடச் சொல்லுங்க. நான் சொன்னா அழ வச்சுப் படம் புடிப்பாங்க. நீங்க ஆம்பளை, படம் எடுத்தவர். நீங்க சொன்னாக் கேப்பாங்க.” எழுந்தவள் வாசலில் நின்றாள். “பள்ளிக்கூட வாசல்ல அந்தப் படத்தைத் தொட்டு அழுறாளே ஒருத்தி, அவதான் அவனோட அம்மா. அவ பிள்ளை முகத்தை அவ அங்க மட்டும்தான் பார்க்க முடியும் போல.”

தொலைக்காட்சி அலுவலகம் கண்ணாடியால் கட்டப்பட்டிருந்தது. வரவேற்பறையில் ஏழு திரைகள், ஏழிலும் அதே கண்கள். நடுவில் சோபாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில், நிபுணரின் பேச்சில் ஏதோ உண்மை இருக்கிறதோ என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது. திரும்பத் திரும்பப் பார்த்தால் எந்தக் கண்ணும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

செய்தி ஆசிரியர் மிகவும் நல்லவர். அவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சட்ட ஆலோசகரைக் கூப்பிட்டார். இருவரும் மூலையில் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள்.

“ரொம்ப வருத்தமா இருக்கு” என்றார் ஆசிரியர் திரும்பி வந்து. “ஒரு தாயோட மனசு எனக்குப் புரியுது. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. ஆனா திருத்த முடியாது.”

“ஏன் சார்? படம் மாறிப்போச்சுன்னு ஒரு வரி சொன்னாப் போதுமே. என் தப்புன்னே சொல்லுங்க.”

“சொன்னா என்ன ஆகும்? யோசிங்க. இந்தக் கண்ணு இறந்த பையனோடதுன்னு சொன்னா, அப்ப அந்தச் சிரிக்கிற பையன் யாருன்னு ஜனங்க கேப்பாங்க. அவன்தான் குற்றவாளி. முழு முகத்தோட மூணு நாளாக் காட்டியிருக்கோம். ஒரு குழந்தைக் குற்றவாளியோட முகத்தை வெளிப்படுத்தின மாதிரி ஆயிடும். சட்டத்தை மீறச் சொல்றீங்களா?”

“ஏற்கெனவே மீறியாச்சே சார்.”

“தெரியாம மீறினோம்” என்றார் சட்ட ஆலோசகர். “தெரியாம மீறினா அது தவறு. தெரிஞ்சு மீறினாத்தான் குற்றம். இப்ப நீங்க வந்து சொல்லித் தொலைச்சதால எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப செத்துப்போன பையன்?”

“அவன் முகத்தை நாங்க காட்டவே இல்லையே” என்றார் ஆசிரியர் மென்மையாக. “கண்ணு, காது. இன்னிக்கு வாய். அவ்வளவுதான்.”

சிரிக்காதே மாமா கைகூப்பினார். “சரி, திருத்த வேண்டாம். அந்தக் கண்ணைக் காட்டுறதையாவது நிறுத்துங்க.”

ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தொழிலின் தத்துவத்தைச் சொல்லும் நேரம் வந்துவிட்டதென்று முகத்தில் தெரிந்தது.

“ஐயா, ஒரு பதினோரு வயசுப் பையன் இன்னொருத்தனைக் கொல்றான். ஜனங்க பயந்து போயிருக்காங்க. எதுக்குப் பயப்படறாங்க? அவன் நம்ம வீட்டுப் பையன் மாதிரி இருந்துடுவானோன்னு. அந்தப் பயத்தோட ஒரு மனுசன் தூங்க முடியுமா? முடியாது. இவன் வேற மாதிரிப்பா, இவன் கண்ணே வேறன்னு நாங்க காட்டுறோம். உடனே அவங்க திரும்பித் தங்களோட பிள்ளை கண்ணைப் பார்க்கிறாங்க. நிம்மதியாத் தூங்குறாங்க. இது ஒரு சேவை. கண்ணு யாரோடதுங்கிறது இரண்டாம் பட்சம்.”

சட்ட ஆலோசகர் தலையை ஆட்டினார்.

“ஆனா நீங்க வந்தது நல்லதாப் போச்சு” என்றார் ஆசிரியர் திடீரென்று பிரகாசமாகி. “அந்தப் பையன் முன்னாடி உட்கார்ந்து, கண்ணுக்குக் கண்ணு பார்த்த ஆள் நீங்க. இன்னிக்கு ஏழு மணிக்கு வாங்களேன். உங்க மனசுல உள்ளதைச் சொல்லுங்க. நேரலை.”

நேரலை என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. நேரலையில் சொன்னதை யாரால் திரும்ப எடுக்க முடியும் என்று நினைத்தார். வீட்டுக்குப் போனில் சொல்லிவிட்டு, ஒப்பனைக்கு முகத்தைக் கொடுத்தார்.

ஏழு மணிக்கு விளக்குகள் எரிந்தன. ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். முதன்முறையாக, எதிர்ப்பக்கம் இருந்து ஒரு கேமராவைப் பார்த்தார். அது எவ்வளவு பெரிய கறுப்புப் பொந்து என்று அப்போதுதான் தெரிந்தது.

“அந்தக் கண்களை முதலில் பார்த்த மனிதர் நம்மோடு இருக்கிறார்” என்றார் அறிவிப்பாளர். “சொல்லுங்க. பார்த்த உடனே உங்களுக்கு என்ன தோணிச்சு?”

“நான் கண்ணைப் பார்க்கலைங்க. காதைத்தான் பார்ப்பேன். ரெண்டும் தெரியணும், இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.”

“காதை!” என்றார் அறிவிப்பாளர் நிபுணரைப் பார்த்து.

“காது” என்று நிபுணர் எழுதிக்கொண்டார்.

“அந்தப் பையன் சிரிக்கலை இல்லையா?”

“சிரிக்காதேன்னு நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் சொல்வேன். எண்ணூறு பிள்ளைங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.”

நிபுணர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் மெல்ல வெளிறியது. “எண்ணூறு பேருமா? ஒரே பள்ளிக்கூடத்தில் எண்ணூறு பேருக்கு இதே பார்வையா?”

“ஐயையோ, அப்படி இல்லைங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா, நீங்க காட்டுற கண்ணு அடிச்சவனோடது இல்லை. செத்துப்போன பையனோடது. அவங்க அம்மாவே என்கிட்ட வந்து சொன்னாங்க. அந்தச் சிரிக்கிற பையன்தான்…”

முழுவதும் சொன்னார். படம் மாறியதை, அட்டை மாறியதை, காது மடலில் உள்ள வெட்டை, லென்ஸ் மூடியை, யானையை. யாரும் தடுக்கவில்லை. அறிவிப்பாளர் கண்கலங்கித் தலையை ஆட்டினார். வெளியே வரும்போது கைகுலுக்கினார்கள். பாரம் இறங்கின மாதிரி நடந்து வீட்டுக்கு வந்தார்.

மனைவி வாசலிலேயே நின்றாள்.

“நல்லாப் பேசினேனா?”

“பேசினீங்களா? நீங்கதான் அதுன்னு சட்டையை வச்சுக் கண்டுபிடிச்சேன். முகம் பூரா கட்டம் கட்டமாப் போட்டிருந்தாங்க. குரல் குடத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி. ‘கண்ணு அடிச்சவனோடது’ வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் கீய்ய்ய்னு ஒரே சத்தம். ரெண்டு நிமிசம்.”

“நேரலைன்னாங்களே.”

“அரை நிமிசம் தள்ளித்தான் போடுவாங்களாம், பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். கீழ என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? ‘சிறுவனுக்கு மிக நெருக்கமானவர்.’”

“ஆறடி தூரத்துலதான் இருந்தேன்” என்றார் அவர்.

“அப்புறம் ஏன் தலையை அப்படி ஆட்டிக் காட்டினீங்க? பார்க்கப் பயமா இருந்துச்சு.”

மறுநாள் தலைப்பு ‘எண்ணூறு கண்கள்?’ என்று வந்தது. கணக்குப்படி ஆயிரத்து அறுநூறு. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பெற்றோர்கள் அடையாள அட்டைகளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் படையெடுத்தார்கள். என் பிள்ளையும் சிரிக்கவில்லையே, பயப்பட ஏதாவது இருக்கிறதா என்று தலைமையாசிரியரைக் கேட்டார்கள். கல்வி அலுவலகம் அவசரமாகப் பன்னிரண்டாவது விதியைச் சேர்த்தது: இனி எல்லாப் பிள்ளைகளும் படத்தில் மிதமாகச் சிரிக்க வேண்டும், சிரிக்காத பிள்ளைகளின் பட்டியலைத் தனியே அனுப்ப வேண்டும். பல் தெரியக் கூடாது என்ற விதி அப்படியே இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை இன்னொரு ஊரில் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி எதையோ செய்துவிட்டாள். ஏழு திரைகளிலும் அவளுடைய கண்கள் வந்தன. பழைய கண்கள் போய்விட்டன. யாரும் திருத்தவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இடம் தேவைப்பட்டது, எடுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அந்த அம்மா மறுபடி வந்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

“எடுத்துட்டாங்க” என்றாள்.

“நான் ஒண்ணும் செய்யலம்மா. என்னால ஒண்ணும் முடியல.”

“தெரியும். நானும் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா நேத்து எங்க வீட்டுக்கு வந்துச்சு. சுவத்துல என் பையன் படம் மாட்டியிருக்கேன், போன வருசத்து அட்டையில உள்ளதைப் பெரிசு பண்ணி. அது ஒண்ணுதான் இருக்கு. அதைப் பார்த்துட்டு ஒரு அடி பின்னால போச்சு. வாயைத் திறந்து எதுவும் சொல்லல. அடி மட்டும் பின்னால வச்சுச்சு. இப்ப நான் பார்த்தாலும் எனக்கே அப்படித்தான் தெரியுது. அதான் வந்தேன். அவன் சிரிக்கிற மாதிரி ஏதாவது இருக்குமாண்ணா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, குப்பையைத் திறந்தார்.

ஆறாம் வகுப்பு. கோணல் தலைகள், பாதி முதுகுகள், வெறும் ஸ்டூல்கள். ஒவ்வொன்றாகத் தள்ளினார். பதினைந்து. பதினாறு. அடுத்ததில் கை நின்றது.

படம் மங்கல். முடிந்தது என்ற சந்தோஷத்தில் பையன் எழுந்து திரும்பியிருக்கிறான். முகம் அசைந்து கலைந்திருந்தது. கண் எது, இமை எது என்று பிரிக்க முடியாது. ஆனால் வாய் முழுக்கத் திறந்திருந்தது. மேல் வரிசைப் பல் எல்லாம் தெரிந்தது. எந்தச் சுற்றறிக்கைக்கும் ஆகாத சிரிப்பு.

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

“இவன்தான்” என்றாள். “ஒரு இடத்துல நிக்க மாட்டான்.”

அப்போதுதான் அவர் மற்றதைக் கவனித்தார். ஓரத்திலிருந்து அடுத்த பையன் ஸ்டூலுக்கு வந்துகொண்டிருந்தான். அவன் அசையவில்லை, தெளிவாக விழுந்திருந்தான். தலையைக் குனிந்து, பயந்த முகத்தோடு, பிடிமானத்துக்காக, முன்னால் போனவன் தோளைப் பிடித்திருந்தான். ஐந்து விரலும் தெரிந்தது.

அவர் அவசரமாக மவுஸைப் பிடித்தார். “இவனை வெட்டிடறேம்மா. ஒரு நிமிசம்.”

ஓரத்தை இழுத்தார். அந்தப் பையனின் தலை போயிற்று. உடம்பு போயிற்று. முழங்கை போயிற்று. கோடு தோளுக்கு வந்ததும் நின்றது. இன்னும் இழுத்தார்; அவள் பையனின் கழுத்து வெட்டுப்பட்டது. திரும்ப விட்டார். கை வந்தது. மறுபடி இழுத்தார்.

“இதை மட்டும் அழிக்க வேற வழி இருக்கும்மா. கொஞ்சம் டைம் குடுத்தா, மேல வேற ஏதாவது…”

அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே தூறல் வலுத்தது. அவர் திரையை அணைத்துவிடலாமா என்று நினைத்தார்.

“வேண்டாம்” என்றாள் கடைசியில். “அதை எடுத்தா என் பிள்ளை தோளும் போயிடும். அப்படியே போட்டுக் குடுங்க.”

அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. படம் மேலிருந்து கீழாக மெல்ல வந்தது: முதலில் முடி, பிறகு சிரிப்பு, பிறகு தோள். இன்னும் ஈரம் காயாத அதை அவள் இரண்டு கையாலும் வாங்கி, புடவைக்குள் வைத்து மூடிக்கொண்டு, மழையில் இறங்கி நடந்தாள்.